பச்சை நண்டு வீட்டு வழி

வியன்னாவின் பழைய நகரத்தில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகச் சுற்றி நடக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் வீட்டுக்குள் புகுந்து போகலாம். முன்வாசலில் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, பின்வாசலில் வெளியே வந்தால் வேறு தெரு. தபால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லாரும் காலங்காலமாக அப்படித்தான் போகிறார்கள். ஆனால் அதை உரிமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாசலுக்கு வாசல் ஒரு சின்னத் தகரப் பலகை தொங்கும்: "மனமுவந்து விடப்பட்ட வழி. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படும்." பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் மாமனார் மாதிரி ஒரு பலகை.

போல்டி நவ்ராட்டிலுக்கு இந்த வழிகள்தான் பிழைப்பு, இந்த வழிகள்தான் சந்தோஷம். அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருடமாக வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏழு முற்றங்கள் வழியாக இரண்டரை மணி நேரம் நடக்கிறாள். மற்ற வழிகாட்டிகள் அரண்மனை வாசலில் குடையைத் தூக்கிப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். போல்டியோ, "அரண்மனையை நீங்களே பாத்துக்கலாம், அது எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லிவிட்டு ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுவாள்.

ஏழில் நான்காவதுதான் பச்சை நண்டு வீடு. வாசலுக்கு மேல் ஒரு கல் நண்டு, யாரோ எப்போதோ பூசிய பச்சையோடு இருக்கும். உள்ளே ஒரு வாதுமை மரம், மூன்று பக்கமும் மரக் கிராதி போட்ட மாடி நடைகள், மூலையில் ஒரு பழைய குழாய். அங்கே போனதும் யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் வாய் மூடிவிடும். படம் எடுக்கிறவர்கள்கூட இரண்டு நிமிடம் போனை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே போல்டி இந்த வேலையில் இருந்தாள். பல ஆயிரம் தடவை அந்த மரத்தடியில் நின்றிருப்பாள். ஒரு தடவைகூட அலுக்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஏப்ரல் முடிந்ததும் குழுக்களுக்கு இந்த வழி கிடையாது, இப்படிக்கு வீட்டுக் குடியிருப்போர் சங்கத்தின் புதிய தலைவர், கா. ஹாஸ்லிங்கர்.

நண்டு வீடு இல்லையென்றால் மூன்றாவது முற்றத்திலிருந்து ஐந்தாவதுக்கு வாசனைத் திரவியக் கடைகள் நிறைந்த பெரிய தெரு வழியாகச் சுற்ற வேண்டும். அதற்குள் பாதிப் பேர் கடைக்குள் போய்விடுவார்கள். மீதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு என்ன நடை வேண்டிக்கிடக்கிறது? அவளும் ஒரு குடையை வாங்கிக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போய்விடலாம்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து நல்ல தாளில் கையால் கடிதம் எழுதினாள். எட்டுப் பேருக்கு மேல் கூட்டி வரமாட்டேன், சக்கரப் பெட்டி வராது, யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள், சூயிங்கம் துப்பமாட்டார்கள் என்று பணிவாக எல்லாம் எழுதினாள். ஹாஸ்லிங்கரின் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் போடுவது என்று நண்டு வீட்டு அழைப்புமணிப் பலகையில் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தாள். வியன்னாவில் சட்டை போடாமல் வெளியே போனாலும் போகலாம், ஒருவருடைய பட்டத்தை விட்டுவிட்டுக் கடிதம் எழுதக் கூடாது. பலகையில் "அரசு ஆலோசகர்" என்று பித்தளையில் பொறித்திருந்தது. அப்படியே எழுதினாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. "தங்கள் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்று தெரியவில்லை. அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை. ஹாஸ்லிங்கர்."

போல்டி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக நண்டு வீட்டு மூலையில் சிகரெட்டும் செய்தித்தாளும் விற்கும் மிட்ஸியிடம் போனாள். முப்பது வருடமாக அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவள் மிட்ஸி. அந்தத் தெருவில் யாருக்குப் பல் ஆடுகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும்.

"இந்த ஆளுக்கு மூளை கலங்கிப்போச்சா மிட்ஸி? தானே கையெழுத்துப் போட்டுட்டு, அப்படி ஒருத்தர் இல்லேன்னு எழுதியிருக்காரு."

மிட்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "நீ என்னன்னு போட்டு எழுதின?"

"அரசு ஆலோசகர் ஹாஸ்லிங்கர் அவர்களுக்குன்னு."

மிட்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! அவரு அரச*வை* ஆலோசகர்டி! ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி கடைசி வருஷம் குடுத்தாங்க. பதினோரு வருஷம் ஆச்சு."

"மணிப் பலகையில அப்படித்தானே இருக்கு?"

"அந்தப் பலகையை மாத்தலாமா வேணாமான்னு மூணு வருஷமா சங்கத்துல ஓட்டுப் போட்டுட்டு இருக்காங்க. அதுக்காகத்தான் அவரு தலைவராவே நின்னாரு. நீ என்னடான்னா ஒரே கடிதத்துல மனுஷனைப் பதவி எறக்கிட்டு, கூடவே வழியும் குடுங்கன்னு கேக்கற."

தமிழில் சொன்னால் ஓர் எழுத்துதான் குறைகிறது. வியன்னாவில் அது இரண்டு மாடி உயரம். போல்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், இவளுக்கா இப்படி?

"சரி, மன்னிச்சிருங்கன்னு இன்னொரு கடிதம் எழுதிடறேன்."

"எழுதித் தொலைச்சிடாதே! மன்னிப்புக் கேட்டா, பதவி எறக்கினது நெஜம்னு ஆயிடும். எழுத்துல வேற இருக்கும். சாகறவரைக்கும் பீரோவுல வெச்சிருப்பாரு." மிட்ஸி குரலைத் தாழ்த்தினாள். "அவரு காதுல தானா விழணும். பத்தே முக்காலுக்கு சன்னல் பக்கத்துலதான் உக்காந்து பேப்பர் படிப்பாரு. நீ உன் கூட்டத்துக்கிட்டப் பேசற மாதிரி பேசு."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் போல்டிக்குத் தைரியம் வர ஏப்ரல் மாதம் முழுவதும் ஆனது. கடைசி நாள்தான் வந்தது. முப்பதாம் தேதி, வெயில் நன்றாக அடித்தது. எட்டுப் பேர். அதில் பெர்கனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரம்மா இருந்தாள். ஆறடி உயரம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. முதல் முற்றத்தில் புறா பறந்ததற்கே சிரித்தாள்.

நண்டு வீட்டு முற்றத்தில் எல்லாரும் வழக்கம்போல் அமைதியானார்கள். முதல் மாடியில் ஒரு சன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே செய்தித்தாளின் ஓரம் தெரிந்தது. போல்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த மரத்தடியில் குரலை உயர்த்தினாள். முதலில் ஜெர்மனில், பிறகு ஆங்கிலத்தில்.

"இந்த அழகான வீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவர் அரசவை ஆலோசகர் ஹாஸ்லிங்கர் அவர்கள்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு கை உயர்ந்தது. பெர்கன் டாக்டரம்மாதான்.

"அரசவைன்னா எந்த அரசவை? இங்க ராஜா இருக்காரா?"

"இல்லீங்க. அரசவையைக் கலைச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்போ ஆலோசகர்?"

"அவங்கள மட்டும் இன்னும் நியமிச்சுட்டு இருக்காங்க."

டாக்டரம்மா சிரித்தாள். அவள் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா இருக்க முடியாது. எட்டுப் பேரும் சிரித்தார்கள். முற்றத்தின் மூன்று சுவரும் சேர்ந்து சிரித்தன. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என்று போல்டிக்குப் புரிந்தபோது சன்னல் படாரென்று முழுசாகத் திறந்தது.

எழுபத்தைந்து வயது இருக்கும். வீட்டுச் செருப்பு போட்டிருப்பவர் என்று முகத்திலேயே தெரிந்தது, ஆனால் கழுத்தில் டை சரியாகக் கட்டியிருந்தார்.

"தப்பு!" என்றார்.

சிரிப்பு அடங்கியது.

"இப்ப வழிகாட்டியம்மா சொன்னாங்களே, அது தப்பு. வெறும் அரசவை ஆலோசகர் இல்ல. *மெய்* அரசவை ஆலோசகர். வெறும் பட்டத்தை இந்த ஊர்ல யாருக்கு வேணா குடுப்பாங்க. பல் டாக்டருக்குக்கூடக் குடுப்பாங்க. மெய்ங்கறது நாற்காலியில உக்காந்து வேலை பாத்தவனுக்கு."

டாக்டரம்மாவுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போல்டிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இரண்டு மாதமாகப் பணிந்து பணிந்து அவளுக்கும் முதுகு வலித்தது. போகிற வழி எப்படியும் போகத்தான் போகிறது.

"மெய் அரசவை ஆலோசகர் ஐயா," என்றாள், அண்ணாந்து பார்த்து. "உங்க மணிப் பலகை ஒண்ணு சொல்லுது, ஊரு ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. ஒரு மனுஷி எத்தனை தடவை தப்பாச் சொல்லுவா? சரியானது எதுன்னு இப்பவாவது தெரிஞ்சுது. வழி மட்டும் இருந்தா தெனமும் இந்த மரத்தடியில நின்னு நானே சரியாச் சொல்லுவேன். இல்லேன்னா அந்தப் பலகையைத்தான் ஊர் படிக்கும்."

ஹாஸ்லிங்கர் சன்னலுக்கு வெளியே எட்டிக் கீழே பார்த்தார்.

"தெனமுமா?" என்றார் ஹாஸ்லிங்கர்.

"தெனமும். பத்தே முக்காலுக்கு. சனிக்கிழமை ரெண்டு தடவை."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். "இங்கிலீஷ்லயும்?"

"இங்கிலீஷ்லயும்."

"மெய்ங்கறதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"அதுக்கு அங்க வார்த்தை இல்லீங்க ஐயா. ரெண்டு மூணு வாக்கியமா விளக்கித்தான் சொல்லணும்."

"விளக்கறதுல தப்பில்ல," என்று சொல்லிவிட்டு அவர் சன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மே முதல் தேதி, ஊரே விடுமுறை. அதற்கு மறுநாள் போல்டி நண்டு வீட்டு வாசலுக்கு வந்தபோது காகிதம் இல்லை. நான்கு மூலையிலும் பசை நாடாவின் தழும்பு மட்டும் இருந்தது.

அந்தக் கோடை முழுவதும் நன்றாக நடந்தது. பத்தே முக்காலுக்குப் போல்டி சொல்வாள். ஹாஸ்லிங்கர் சன்னலில் நின்று ஏதோ தற்செயலாக நிற்பவர் போலப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். போல்டி சொல்லி முடிக்கும்வரை ஊற்றுவார். ஜூலையில் செடி அழுகிப்போனது. இன்னொன்று வாங்கி வைத்தார். சில நாள் மேலே இருந்தே, "ஏம்மா வழிகாட்டி, இன்னிக்கு 'மெய்'யை முழுங்கிட்டீங்க" என்பார். போல்டி திரும்பச் சொல்வாள். வெளியூர்க்காரர்கள் கைதட்டுவார்கள். நண்டு வீட்டின் அமைதி கொஞ்சம் போய்விட்டதுதான். ஆனால் இரண்டு நிமிட அமைதியில் அரை நிமிடத்தைக் கப்பமாகக் கட்டுவதில் போல்டிக்கு வருத்தம் இல்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மழை விடிகாலையிலேயே பிடித்துக்கொண்டது. காற்றும் சேர்ந்து அடித்தது. ஒன்பதரைக்குக் கூடும் இடத்தில் போல்டி தனியாக நின்றாள். பத்து மணிவரை பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். டிராம் நிறுத்தம்வரை நடக்கவும் செய்தாள். டிராமும் வந்தது. அவர் டை கட்டிக்கொண்டு நிற்பாரே என்ற நினைப்பும் கூடவே வந்தது. சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, டிராமைப் போகவிட்டுத் திரும்பி நடந்தாள்.

முற்றத்தில் வாதுமை மரம் இலையில்லாமல் நின்றது. சன்னல் திறந்திருந்தது, மழை உள்ளே அடித்தாலும். கழுத்தில் டையும் இருந்தது.

போல்டி குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். யாருமில்லாத முற்றத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையையும் விழுங்காமல் முதலில் ஜெர்மனில் சொன்னாள். பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள், விளக்கத்தோடு.

ஹாஸ்லிங்கர் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இரண்டு கையையும் சன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இன்னிக்கு யாருமே வரலையா?"

"வரலீங்க ஐயா."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"தெனமும் சொல்றேன்னு சொல்லியிருந்தேனே."

மழைத்தண்ணீர் அவர் சட்டைக் கையை நனைத்தது, அதை அவர் பார்க்கவில்லை.

"மேல வாங்க," என்றார். "காப்பி சூடா இருக்கு. ஈரத்துல நிக்காதீங்க, முனைவர் நவ்ராட்டில் அம்மா."

போல்டி எந்த முனைவரும் இல்லை. வரலாறு படிக்கப் போய் மூன்றாம் வருடத்திலேயே பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவள். கையிலிருப்பது வழிகாட்டி உரிமச் சான்று ஒன்றுதான். வியன்னாவில் பட்டத்தில் தப்பு வந்தால் உடனே திருத்திவிட வேண்டும், அதுதான் மரியாதை. திருத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் திருத்தவில்லை. குடையை மடக்கி உதறிவிட்டுப் படியேறினாள்.