வழியனுப்பும் ஜெபம்

குவைத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் கொரோனா இல்லை என்று பரிசோதனை முடிவு காட்ட வேண்டும். இந்த விமானத்தையும் விட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதனால் இக்னேஷியஸ் நெமிலிச்சேரி வீட்டின் பின்னறையில் தன்னைத்தானே சிறை வைத்துக்கொண்டான். மனைவி ஞானசௌந்தரி சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடுவாள். பெற்ற மகளைக்கூடக் கதவு வழியாகத்தான் கொஞ்சினான். போதும்டா சாமி என்று ஆகிவிட்டது அவனுக்கு.

பரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது அன்பியத்தார் வந்தார்கள். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகப் போய் ஜெபிக்கிற கூட்டம் அது. கடல் கடந்து போகிறவனை ஜெபிக்காமல் அனுப்பினால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

“இத்தினி பேர் வராதீங்கண்ணா, எனக்கு டெஸ்ட் கீது,” என்றான் உள்ளிருந்தபடி.

தலைவர் பிராங்க் சிரித்தார். “இன்னா நைனா, மாதாவ விடப் பெருசா உன் டெஸ்ட்டு? வெளிய வா.”

மாதா பெயரைச் சொன்னதும் இக்னேஷியஸ் கதவைத் திறந்தான். வந்து முட்டிபோட்டான். ஜெபமாலை சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள். முகக்கவசமெல்லாம் தாடைக்கு இறங்கியிருந்தது. முடிவில் ஒவ்வொருவராகக் குனிந்து அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார்கள். பிராங்க் கட்டியணைத்து, அவன் தோள்மேலேயே இருமினார்.

“ஒண்ணுமில்ல, தூசு,” என்றார்.

நான்கு நாள் கழித்து ஆவடியில் செய்த பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தது. இக்னேஷியஸ் போனைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கோபப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. ஞானசௌந்தரி எடுத்துப் பார்த்தாள். கட்டி வைத்திருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அவங்கள வாசல்லயே நிறுத்தியிருக்கணும். பாயாசம் வேற வச்சிக் குடுத்தேன், பாவி,” என்று அழுதாள்.

கம்பெனியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. வேறு ஆள் கிடைத்துவிட்டானாம்.

அன்று சாயங்காலம் பிராங்க்கின் மனைவி போன் செய்தாள்.

“தம்பி, அவருக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரில சேத்துகீறோம். ஊட்டாண்ட ஒருத்தரும் வர மாட்டேன்றாங்க. நீயாவது ஜெபம் பண்ணுப்பா.”

“பண்றேன்க்கா,” என்றான் இக்னேஷியஸ். போனைக் காதில் வைத்தபடியே கட்டிலிலிருந்து இறங்கி முட்டிபோட்டான். பாதி ஜெபத்திலேயே அவனுக்கும் மூச்சு வாங்கியது. நிறுத்தினால் அக்கா பயந்துவிடுவாள் என்று நிறுத்தாமல் சொன்னான்.