ரிலாக்ஸ் ரூம் வாசல்

எங்கள் உப்புக் கம்பெனியின் சென்னை ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு ஞானோதயம் வந்து, எல்லாக் கிளைகளுக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டான். வேலைக்கு நடுவே ஊழியர்கள் மனதை லேசாக்கிக்கொள்ள ஓர் அறை வேண்டுமாம். மரக்காணம் கிளையின் மேனேஜர் சக்கரபாணி சார் அதைப் படித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

“மலர்கொடி, ரிலாக்ஸ் ரூமாம். உன் தலையில கட்டிட்டேன்.”

“என் தலையில இன்னும் எடம் இருக்குதா சார்?” என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆபீஸில் டீத்தூளிலிருந்து ஜெனரேட்டர் டீசல் வரைக்கும் நான்தான் பார்க்கிறேன், அதனால் யாரும் பதிலுக்குப் பேசுவதில்லை.

உப்பு சாம்பிள் வைத்திருந்த பழைய அறையை ஒழித்து, வெள்ளையடித்தோம். சென்னையிலிருந்து லாரியில் ‘பீன் பேக்’ என்று இரண்டு மூட்டை வந்து இறங்கின. சக்கரபாணி சார் ஆசையாக ஒன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. டிஸ்பாட்ச் ஜெயப்பிரகாஷ் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். “உப்பு மூட்டை மேல உக்காந்தாக்கூட எழுந்துக்கலாம் போல சார்” என்று வேறு சொன்னான்.

அந்த இரண்டையும் மூலையில் தள்ளிவிட்டு, நான் என் இஷ்டத்துக்குச் செய்தேன். இரும்பில் எதை வாங்கிப் போட்டாலும் இந்தக் காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் தரையில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை, இரண்டு தலையணை. உப்பளம் பக்கம் இருந்த ஜன்னலுக்கு நீலத்தில் ஒரு கர்ட்டன். மெத்தை என்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் இவ்வளவு மெனக்கெட்டது ஆரோக்கியசெல்விக்காக.

செல்வி பில்லிங்கில் இருக்கிறாள். பக்கத்து ஊர் அனுமந்தைப் பெண். புருஷன் விடியுமுன்னே கடலுக்குப் போய்விடுவான். அவளுக்கு இரண்டு முறை பிள்ளை உண்டாகி, இரண்டு முறையும் தங்கவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்த முறை பாண்டிச்சேரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரமாவது இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முடியாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும்.

“விட்டுடேன்டி” என்றேன்.

“வீட்டுல உக்காந்து என்னாக்கா பண்றது? ரெண்டு தடவையும் நான் வீட்டுல தனியாத்தான் இருந்தேன். அந்தச் சுவத்தப் பாத்தாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருது. இங்க உங்க சத்தமாவது கேட்டுக்கிட்டிருக்கும்.”

“சார்கிட்ட நான் சொல்றேன், படுக்க விடுவாரு” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏழு மாசம் ஆவற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதுக்கா. போன தடவ ஊரெல்லாம் சொல்லித்தான் கண்ணு பட்டுடுச்சி. சத்தியம் பண்ணுங்க.” மரக்காணத்தில் இருக்கிற எந்தச் சாமி மேல் வேண்டுமானாலும் பண்ணுகிறேன் என்றேன். அவள் மாதா மேல் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

அந்த நேரத்தில்தான் மெயில் வந்தது. எல்லாரும் படுக்கிற இடத்தில் இவளும் படுத்தால் யார் காரணம் கேட்கப் போகிறார்கள்?

ரூம் திறந்த முதல் நாள் மத்தியானம் அக்கவுண்ட்ஸ் அஸ்வினி போய்ப் படுத்தாள். சக்கரபாணி சார் அந்தப் பக்கம் போனவர், வாசலில் கிடந்த பூப்போட்ட செருப்பைப் பார்த்துவிட்டு ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “என்னா, அஸ்வினி மேடம் செருப்பு ரொம்ப நேரமா ரெஸ்ட் எடுக்குது?”

தமாஷ்தான். மனுஷன் நல்லவர், வாய்தான் சும்மா இருக்காது. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு ரூமுக்கு மூடுவிழா நடந்துவிட்டது. ஒருத்தர் செருப்பு ஒருத்தருக்குத் தெரியாத ஆபீஸா இது? யார் உள்ளே போனாலும் வாசலில் பெயர்ப்பலகை வைத்த மாதிரிதான். அஸ்வினி முகம் சிவந்து எழுந்து வந்தாள். மறுநாள் ஒருத்தரும் போகவில்லை. செல்வி கதவு வரைக்கும் போய், தண்ணீர் பிடிக்க வந்தவள் மாதிரி பக்கத்துக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். இடுப்பில் ஒரு கை, மவுஸில் ஒரு கை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

“சார், நீங்க ஒரு வார்த்த சொன்னீங்க, ரூமே காலி.”

“நான் யாரம்மா போவாதன்னேன்? தமாஷுக்குச் சொன்னேன்.”

“உங்களுக்குத் தமாஷு.”

“ஏன், யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?”

மாதா மேல் பண்ணின சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. “ஒண்ணுமில்ல சார்” என்று வந்துவிட்டேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் என் செருப்பைக் கொண்டுபோய் அந்த வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு என் சீட்டுக்கு வந்தேன். எங்கள் ஆபீஸில் யாரும் வெறுங்காலோடு நடக்க மாட்டார்கள். பேக்கிங் ஷெட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு காலும் உப்பைக் கொண்டுவந்து கொட்டும். எத்தனை தடவை கூட்டினாலும் தரை நறநறவென்றுதான் இருக்கும். எனக்கோ குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. ஐயோ, அந்த எரிச்சலை என்னவென்று சொல்வது! பல்லைக் கடித்துக்கொண்டு செல்வியிடம் போனேன்.

“போய்ப் படு. யாராவது கேட்டா நான் படுத்திருக்கேன்னு நெனச்சிக்குவாங்க.”

“ரெண்டு ஜோடி கெடக்குமேக்கா. என்னுது தெரிஞ்சிடும்.”

பக்கத்து சீட்டில் அஸ்வினி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று எழுந்தாள். போய்த் தன் பூப்போட்ட செருப்பை என் செருப்பின் மேல் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ் ஸ் என்று நுனிக்காலில் நடந்து வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெயப்பிரகாஷ் படகு மாதிரி இருக்கிற தன் செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டான். செல்வி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

அதிலிருந்து தினமும் அதுவே வழக்கமானது. சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி வைத்ததும் ஒவ்வொருத்தராக வாசலில் செருப்பை விடுவார்கள், வெறுங்காலோடு சீட்டுக்கு வருவார்கள். நான் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சாரை வெறுப்பேற்றுவதற்காக என்னோடு கூட்டுச் சேர்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குதிகால் எரிச்சலுக்கு அஸ்வினி ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில் கொண்டுவந்து ஃபைல்களுக்கு நடுவே வைத்தாள். அதுவும் கை மாறி மாறிப் போயிற்று.

ஒருநாள் சக்கரபாணி சார் சாப்பிட்டுவிட்டு வந்தவர், அந்த வாசலில் நின்றுவிட்டார். குவியலாகச் செருப்பு. ஹாலைத் திரும்பிப் பார்த்தார். ஹால் நிறைய ஆட்கள். எல்லாரும் நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டார்கள்.

“என்னாப்பா இது? எல்லாரும் உள்ள இருக்கீங்களா?”

“ஆமா சார்” என்றான் ஜெயப்பிரகாஷ், மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். “எல்லாரும் உள்ளதான் இருக்கோம்.”

யாரும் சிரிக்கவில்லை. சார் எங்கள் கால்களைப் பார்த்தார், மூடியிருந்த கதவைப் பார்த்தார். பிறகு தன் ரூமுக்குள் போய்விட்டார். சென்னைக்கு மெயில் போட்டு ரூமையே பூட்டிவிட்டால்? இவள் நாளையிலிருந்து எங்கே படுப்பாள்? அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலா?

“உன்னால வந்ததுடா” என்று ஜெயப்பிரகாஷை முறைத்தேன்.

அஸ்வினி மெதுவாகச் சொன்னாள். “விடுங்கக்கா. கொஞ்ச மாசந்தான. அவ நல்லபடியா பெத்தெடுக்கட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏய், உனக்கு எப்படிடி தெரியும்?”

“கருவாட்டுக் கொழம்பு வாசனைக்கு அவ எழுந்து ஓடுறதும், நீங்க பின்னாடியே ஓடுறதும்… எல்லாருக்கும் தெரியும்க்கா. ஏழு மாசம் ஆவட்டும்னுதான் ஒருத்தரும் வாய் தொறக்கல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ரகசியத்தைக் காப்பாற்றியது நான் ஒருத்திதான் என்று இறுமாந்திருந்தேன்!

அப்போது கதவு திறந்தது. தலையணை மடிப்பு கன்னத்தில் பதிந்திருக்க, செல்வி வெளியே வந்தாள். அவள் செருப்பு குவியலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் குனிந்தாள்.

“குனியாதம்மா!”

சக்கரபாணி சார் தன் ரூம் வாசலில் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ. அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. செல்வி அப்படியே நின்றுவிட்டாள். சார் வேகமாக வந்தார். முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஒவ்வொரு செருப்பாக எடுத்து ஓரமாக வைத்தார். என்னுடையதை, அஸ்வினியுடையதை, ஜெயப்பிரகாஷுடையதை, கையாலேயே.

“எதும்மா உன்னுது?”

“சார்… வேணாம் சார், நீங்க போயி தொட்டுக்கிட்டு…”

“எதுன்னு சொல்லு.”

அவள் விரலால் காட்டினாள். பழுப்புச் செருப்பு, வார் தைத்தது. அதை எடுத்து, ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டு, அவள் காலுக்கு நேராக ஜோடி சேர்த்து வைத்தார். ஜெயப்பிரகாஷ் ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார் சார், எங்களைப் பார்த்து. “இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஏழு மாசம் ஆவட்டும், அப்புறம் பேசிக்கலாம். போங்க, போய் வேலையப் பாருங்க.”

ஒருத்தரும் வேலையைப் பார்க்கவில்லை. செல்வி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே செருப்பில் காலை நுழைத்தாள். பிறகு, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.