பின் சீட்டில் மச்சான்

சண்டையில் ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குள் வருவதற்கு முன்பு வாங்கிய கார். இடப்பக்கப் பின் ஸ்பிரிங் படுத்துவிட்டது. அந்தச் சாய்வை மறைக்கத்தான் சொக்கலிங்கம் தன் தடித்த மச்சான் துரைசாமியைப் பின் சீட்டில் வலப்பக்கமாக உட்காரவைத்து, சிராங்கூன் ரோட்டுக் கோயில் வாசலில் காரை விற்பனைக்கு நிறுத்தியிருந்தான்.

வாங்க வந்த சாப்பாட்டுக்கடை பூவம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வண்டி நேராக நின்றது.

“பிடிச்சிருக்கு” என்றவள், சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். “தம்பி, இறங்குங்க லா. பூசை நேரத்துல உள்ள உட்காரக் கூடாது.”

“அவனுக்குக் கால் சரியில்லக்கா” என்றான் சொக்கலிங்கம்.

“சாமி முன்னால சொல்லுங்க, நிஜமாவா?”

துரைசாமி பயந்து இறங்கினான். கார் முனகிக்கொண்டே இடப்பக்கம் சாய்ந்தது.

கற்பூரம் எரிந்து முடியும்வரை பூவம்மா துரைசாமியையும் சாய்ந்த காரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “சொன்ன விலை இவரையும் சேர்த்தா?”