மந்திரிக்கு வாரம் இரண்டு குளியல்

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஏழு நிமிடம்தான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

என் நாய்க்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவமனையில் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண், அவளைவிட நாலைந்து வயது இளைய ஓர் ஆண், நடுவில் ஒரு பழுப்பு நாய். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. அக்கா, தம்பி என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

“மந்திரி, டோக்கன் அவன் சட்டைப் பையில இருக்கான்னு கேளு,” என்றாள் அக்கா, நாயிடம்.

“இருக்குன்னு சொல்லு, மந்திரி,” என்றான் தம்பி, அவனும் நாயிடம்.

மந்திரி இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் காதைச் சொறியத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து எழுதினேன்: ‘மந்திரி என்ற நாய்க்கு உடம்பெல்லாம் அரிப்பு. அது வாழ்ந்த வீட்டில்...’ நிறுத்திவிட்டேன். மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் இருந்தது. அடுத்து: ‘பேசாத இருவருக்கு நடுவே பேசத் தெரியாத ஒரு...’ இது அதைவிட மோசம், கண்ணாடி முன்னால் நின்று தலைசீவுகிற வாக்கியம். ஆகவே நல்ல தொடக்கம் இல்லாமலே தொடங்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். இருவருக்கும் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள். சொந்தக்காரர்களே கேட்டு அலுத்துவிட்டார்கள்.

ஒரே வீட்டில் இருந்தும் இரண்டரை வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. (காரணம்? நாலு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தம்பி விருந்தாளிகள் முன்னால் அக்காவைக் கேலி செய்கிறான். இன்னொன்றில் அக்கா அவனைக் கேட்காமல் அவனுடைய பழைய கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். இரண்டரை வருடத்துக்கு எதுவும் போதவில்லை. உங்கள் குடும்பத்தில் இதுமாதிரி ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அளவாகப் பொருந்தும்.)

சமையல் அக்கா, பாத்திரம் தம்பி. அது மட்டும் பொது. மற்றதெல்லாம் இரண்டிரண்டு: இரண்டு சோப்பு, இரண்டு பற்பசை, இரண்டு தேயிலை டப்பா. ஒருவர் அலமாரியை மற்றவர் திறப்பதில்லை. வீம்பிலும் ஒரு நாகரிகம் உண்டல்லவா?

சொல்ல வேண்டியதெல்லாம் மந்திரி வழியாகத்தான். “மந்திரி, சோறு ஆறுதுன்னு சொல்லு.” “மந்திரி, நாளைக்கு நான் வர லேட்டாகும்னு சொல்லிடு.” மந்திரி ஒருநாளும் சேதியைத் திரித்ததில்லை. மனிதரில் எத்தனை பேரைப்பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

3

அரிப்பு பாதத்தில் தொடங்கியது. நக்கி நக்கி விரலிடுக்கு முடியெல்லாம் துருப்பிடித்த நிறமானது. பிறகு அக்குள், வயிறு, காது. தம்பி வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போதெல்லாம் அந்தச் ‘சளக் சளக்’ சத்தம் கேட்கும். பழுதான எந்த இயந்திரத்தையும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவனுக்கு இந்தச் சத்தம் மட்டும் பிடிபடவில்லை.

இருவரும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா மெல்லிய சீப்பால் சீவி, உதிர்ந்ததை ஈரக் காகிதத்தில் தட்டிப் பார்த்தார். தெள்ளுப்பூச்சி இல்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை.

“அரிப்புங்கறது நோயில்ல, அறிகுறி. ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். பூச்சி இல்லைன்னா அடுத்து சாப்பாடு, அப்புறம் தூசி, பூஞ்சை, மகரந்தம். ஒவ்வாமையா இருந்தா அடியோட போகாது. கட்டுக்குள்ள வச்சுக்கலாம், அவ்வளவுதான். பொறுமையா இருங்க.”

அரிப்பு அடங்க ஒரு மாத்திரை. ஒரு மருந்து ஷாம்பு: வாரம் இரண்டு முறை, நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும்.

மூன்று வாரம் போயிற்று. அரிப்பு குறையவில்லை, கூடியது. தோல் வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்தது. முதுகைத் தொட்டால் உலர்ந்த காகிதம்போல் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மந்திரி வயிற்றைச் சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிட்டது. அக்கா துணியால் ஒற்றியெடுத்தபடி சொன்னாள்:

“மந்திரி, அவன்கிட்ட சொல்லு. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா உன்னை என் கூட வேலை பாக்கறவ வீட்டுல விடப்போறேன். அவ வீடு சுத்தமா இருக்கும். நம்ம வீட்டுத் தூசிதான் உனக்கு ஆகலை போல. என்னால இதைப் பாக்க முடியல.”

தம்பி கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். நாய் போய்விட்டால் எதை வைத்துப் பேசுவது? ‘சோறு ஆறுது’ என்ற சொல்கூட இனிக் காதில் விழாது. அவனுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

(இந்த இடத்தில் தம்பிமேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு பயப்படுகிறவன் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான்? ஆனால் நானும் ஒருவரோடு ஏழு வருடம் பேசாமல் இருந்திருக்கிறேன். குறைந்துதான் போவோம் என்று தோன்றும். சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.)

4

இனி வருவது மறுபடி நான் பார்த்தது, அவர்கள் இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வந்த அன்று. ஆலோசனை அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை.

டாக்டரம்மா மந்திரியின் முதுகைத் தடவிப் பார்த்தார். “ஏன் இப்படி வறண்டு கிடக்கு? வாரத்துக்கு எத்தனை தரம் குளிப்பாட்டறீங்க?”

“ரெண்டு,” என்றாள் அக்கா.

“ரெண்டு,” என்றான் தம்பி, அதே மூச்சில்.

“சரி, யாரு குளிப்பாட்டறது?”

“நான்தான்.” இதையும் இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

பிறகு கணக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அக்கா திங்களும் வியாழனும், தம்பி லிஃப்டுக்குள் இருக்கும் நேரம். தம்பி புதனும் சனியும், அக்கா கடையில் இருக்கும் நேரம். அவள் அலமாரியில் ஒரு ஷாம்பு, அவன் அலமாரியில் ஒரு ஷாம்பு. ‘அவன் எங்கே செய்யப்போகிறான்’ என்று அவள். ‘அக்காவுக்கு ஏது நேரம்’ என்று அவன். நாயின்மேல் வீசிய மருந்து வாசனையைத் தன் கைவேலை என்றே இருவரும் நம்பியிருந்தார்கள். மந்திரி சொல்லாமல் விட்ட ஒரே சேதி இதுதான்.

டாக்டரம்மா முகம் வெளுத்தது. “மாத்திரை?”

“அது ஒரே அட்டைதான்,” என்றான் தம்பி. “சமையல்கட்டுல இருக்கு. கிழமை போட்டிருக்கு. பிரிச்சிருந்தா குடுத்தாச்சுன்னு அர்த்தம்.”

“நல்லவேளை. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு, தெரியுமில்ல? தோலை நீங்களே காய வச்சிருக்கீங்க. ஒரு வாரம் தண்ணியே படவேண்டாம். அப்புறம் பழையபடி ரெண்டு தரம். ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் தேய்க்கணும். தனித்தனியா வேண்டவே வேண்டாம்.”

அவர்கள் வெளியே வந்தபோது என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். ஏழு நிமிடம் முடிந்தது.

5

முடிவு எழுத மூன்று முறை முயன்றேன்.

முதலாவதில் அக்கா விம்மி அழுகிறாள், தம்பி அவள் கையைப்... வேண்டாம். அந்தக் குடும்பத்து மூக்கை நான் பார்த்திருக்கிறேன், அது அவ்வளவு சுலபத்தில் அழாது.

இரண்டாவதில் மந்திரிக்கு அரிப்பு அடியோடு போய்விடுகிறது. டாக்டரம்மா அப்படிச் சொல்லவில்லை. பொய் சொல்லிச் சந்தோஷப்படுத்த மனம் வரவில்லை.

மூன்றாவது இது. ஒரு வாரம் கழித்துக் குளியலறை. மந்திரி நடுவில். தம்பி பிடித்துக்கொள்ள, அக்கா தேய்த்து முடித்துவிட்டாள். இனிப் பத்து நிமிடம் நுரை ஊற வேண்டும். வெளியே போனால் நாய் எல்லாவற்றையும் உதறிவிடும், ஆகவே இருவரும் அசைய முடியாது. குந்தி உட்கார்ந்திருக்கிறார்கள், முழங்கால் இடிக்கிறது. மாசக் கடைசிக்கு இன்னும் ஐந்து நாள். தோல் இப்போதுதான் தேறத் தொடங்கியிருக்கிறது.

நாலாவது நிமிடத்தில் தம்பி, “மந்திரி, அக்காகிட்ட...” என்று ஆரம்பித்தான். மந்திரி தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கண்ணில் நுரை படாமல் இருக்க அக்காவின் உள்ளங்கை அதன் நெற்றியில் இருந்தது. தம்பி அந்தக் கையைப் பார்த்தான். அம்மா போனபிறகு அவனுக்குத் தலை துவட்டிய கை.

“அனுப்பிடாதக்கா,” என்றான்.

இரண்டரை வருடத்தில் முதல்முறையாக, நேராக.

அக்காவின் பதில் என்னிடம் இல்லை. இருபது முறை எழுதி அடித்தேன். அந்த வீம்புக்கு அவள் என்ன விலை கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. உங்களோடு பேசாமல் இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதையே அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவசரம் இல்லை. நுரையைக் கழுவ இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது.