உப்பில்லாத சோறு

வினிஃப்ரெட்டை அடக்கம் செய்த பிறகு நான்கு நாட்களாகக் கோப்பி எதையும் தின்னவில்லை.

கோப்பி அவள் வளர்த்த நாய். ஒன்பது வருடங்களாக அதற்குக் காலையில் சமைத்தவள் அவள்தான். எலும்பெடுத்த கோழி, பூசணி, குழைய வெந்த சோறு. உப்பு போடமாட்டாள். கடைசி இரண்டு வாரம் அவள் மருத்துவமனையில் கிடந்தபோது, மகள் அபிகெயில் லீவு போட்டு வந்து அதே மாதிரி சமைத்துப் போட்டாள். அடக்கம் முடிந்து மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பியதும் வீட்டில் வினிஃப்ரெட்டின் கணவர் அமலநாதனும் நாயும் மட்டும் மிஞ்சினார்கள். அமலநாதன் பாசிர் கூடாங்கில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். முப்பது வருடக் குடித்தனத்தில் தண்ணீர் கொதிக்கவைத்ததைத் தவிர அடுப்படியில் எதுவும் செய்ததில்லை. ஒரு மூட்டை உலர் தீனி வாங்கிவந்து தட்டில் கொட்டினார். கோப்பி முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு உலு திராமில் இருந்த கிளினிக்குக்குப் போனார். டாக்டர் ஷாமளா நாயைத் தடவிப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்ல அங்கிள். உலர் தீனியும் நல்லதுதான், எல்லாச் சத்தும் இருக்கு. ஆனா இது சமைச்சதையே தின்னு வளர்ந்திருக்கு. மாத்தணும்னா கொஞ்சங் கொஞ்சமா கலந்து மாத்துங்க. இல்லன்னா சமைச்சே போடுங்க, என்ன சேக்கணும்னு எழுதித் தரேன்."

"வீட்டுல சமைக்க ஆள் இல்லயே டாக்டர்."

"நீங்க இருக்கீங்கல்ல."

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பதமாக வந்தது. கோப்பி தட்டை நக்கி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். மனைவி போன பிறகு அன்றுதான் அவருக்கு நெஞ்சு லேசானது. காலை ஷிப்ட் என்றால் நாலரைக்கே எழுந்து சமைத்தார். தொழிற்சாலை பஸ்ஸில் கூட வருபவர்களிடம் போனில் படம் காட்டினார்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து அபிகெயில் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு வந்தாள். அப்பா வெந்த கோழியிலிருந்து எலும்பைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குப் பா?"

"கோப்பிக்குத்தான். நானே சமைக்கிறேன் இப்ப. சின்ன எலும்புகூட இருக்கக்கூடாது, தொண்டையில குத்திரும்."

அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"கத்துக்க எத்தன நாள் ஆச்சு?"

"என்ன பெரிய வேலை. ரெண்டு நாள்தான்லா."

"அம்மா அஞ்சு மாசம் படுத்திருந்தாங்க பா."

அவர் கை நின்றது. "தினமும் கடையில சாப்பாடு வாங்கிட்டு வந்து குடுத்தேனே. நாசி கோரேங், மீ, அவ கேட்டதெல்லாம்."

"அவங்க கேட்டது கஞ்சி. கேன்சர் மருந்து ஏத்தினதுல வாயெல்லாம் புண்ணு. ஒறப்பு பட்டா எரியும்."

"நான் ஷிப்ட்டுல இருந்தேன்."

"இப்பவும் ஷிப்ட்டுலதான் இருக்கீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க வேலைக்குப் போனதும் அம்மா செவுத்தப் பிடிச்சு எழுந்து வந்து இதுக்குச் சமைப்பாங்க. உப்பு ஒறப்பு இல்லாம, கொழகொழன்னு இருக்குமில்ல. அதுல பாதிய எடுத்து அவங்க சாப்பிடுவாங்க. வாய்க்கு அதுதான் ஒத்துக்கிச்சாம். ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னை சத்தியம் பண்ணச் சொன்னாங்க."

"நான் வாங்கிட்டு வந்ததெல்லாம் என்னாச்சு?" என்று அவர் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "நீங்க வாங்கிட்டு வந்ததெல்லாம் பின்னாடி பையில கட்டி வீசினாங்க. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

அவர் எலும்புகளை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ஒனக்கும் கொஞ்சம் சோறு ஆக்கட்டுமா மா?" என்றார்.

"வேணாம் பா. நான் கெளம்பறேன்."

மறுநாள் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தார். சோறு கொதித்து வாசனை எழும்பியதும் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பை அணைத்து, பானையோடு குப்பையில் கவிழ்த்தார். சாயங்காலம் புதிதாக ஒரு மூட்டை உலர் தீனி வாங்கினார். டாக்டர் சொன்னபடி கலந்து மாற்றவில்லை. கோப்பி இரண்டு நாள் அடுப்படி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்தது. அவர் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் பசி தாங்காமல் அது தின்றது. ஒவ்வொன்றாகக் கடிபடும் சத்தம் கூடம்வரை கேட்டது.

அடுத்த ஞாயிறு அபிகெயில் வரவில்லை. போன் மட்டும் செய்தாள்.

"கோப்பி சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

என்ன போடுகிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.