ரெண்டு மார்க் அட்டை

எனக்கு வாய் என்று ஒன்று இருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் பஸ் டிரைவருக்கு ஒரு வணக்கம், அலுவலகத்தில் நாலு ஈமெயில், அத்தோடு சரி. உலகக் கோப்பைக் கால்பந்து இந்த வருடம் ஜெர்மனியில்தான். நான் இருக்கிற ஆஹென் நகரம் முழுக்கக் கொடி தொங்குகிறது. என்னிடம் ஒருத்தனும் ஸ்கோர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிறு மதியம் நிருபமா வருவாள். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற திருச்சிப் பெண். விடுதியில் தாளித்தால் ஃபயர் அலாரம் அடித்துத் தொலைக்கிறதாம். அதனால் என் வீட்டில் வந்து சாம்பார் வைப்பாள்.

சாப்பிட்டதும் என் பேஸ்பால் அட்டை ஆல்பத்தை விரித்து வைப்பேன். அமெரிக்காவில் ப்ராஜெக்டில் இருந்தபோது பிடித்த பைத்தியம். எல்லாம் ஐம்பதுகளில் அச்சான ஆட்டக்காரர் படங்கள். பத்துக்கு இத்தனை என்று அவற்றுக்கு மார்க் உண்டு. முனை மழுங்கியிருக்கிறதா, மடிப்போ கறையோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நானே போட்டு உறையில் எழுதுவேன். தரக் கட்டுப்பாட்டில் குப்பை கொட்டுகிறவனுக்கு வேறென்ன தெரியும்?

நிருபமா அந்த மார்க்கைச் சட்டையே செய்யமாட்டாள்.

"இதுக்குப் போய் ஏழா சார்? படம் ஒரு ஓரமா ஒதுங்கிக் கிடக்கு, மூஞ்சி வெளிறிப்போய் இருக்கு. இந்த இன்னொண்ணுக்கு ரெண்டா? எவ்வளவு லட்சணமா இருக்கு, பாருங்க."

"திருப்பிப் பாருங்க. முதுகு பூரா பசைக் கறை."

"முதுகை யாரு பாக்கறா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வாரம் முழுக்க அந்தச் சண்டைக்காகத்தான் காத்திருப்பேன்.

போன ஞாயிறு, "ரெண்டு மார்க்தானே சார், ஒரு வாரம் என் டெஸ்க்ல வச்சுக்கறேனே" என்று கேட்டாள். இருப்பதிலேயே எனக்கும் பிடித்தது அதுதான், வெளியே சொன்னதில்லை. கொடுத்தேன்.

இன்று வந்ததும் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அட்டை பளபளவென்று விறைத்து நின்றது. சுற்றிலும் பிளாஸ்டிக் ஓரம்.

"லேப்ல லேமினேஷன் மெஷின் இருக்கு சார். காபி கீபி கொட்டிடுமோன்னு பயமா இருந்துச்சு. அப்பா என் மார்க் ஷீட்டையெல்லாம் இப்படித்தான் பண்ணி வச்சிருக்கார். இனிமே ஒண்ணும் ஆகாது."

சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் படமும் சேர்ந்து உரியும். இனி இதற்கு ரெண்டு மார்க்கூடக் கிடையாது. 'அறிவிருக்கா?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டால் அழுவாள். அழுதுவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். அப்புறம் இந்த வீட்டில் யார் பேசுவார்கள்?

"நல்லா இருக்கு" என்றேன். நிஜமாகவே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

அவள் முகம் மலர்ந்துபோய் அந்த ஏழு மார்க் அட்டையை எடுத்தாள். "இதையும் பண்ணிடறேன் சார். அப்படியே இந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டா படம் நடுவுக்கு வந்துடும்."

ஓரம் வெட்டிய அட்டையைச் சேகரிக்கிறவன் எவனும் கையால்கூடத் தொடமாட்டான். அவள் ஆல்பம் முழுவதையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் கொடுங்க சார். ஒரே நாள்ல முடிச்சுடுவேன்."

ஆல்பத்தை அவள் மடியிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டேன். ஏழு மார்க் அட்டை அவள் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஒரே நாள்ல எதுக்கு?" என்றேன். "வாரத்துக்கு ஒண்ணு போதும்."