மலைக் கிலுகிலுப்பை

இந்தச் சாலம்மாளுக்குக் களை தெரியாதுன்னு யாரும் சொல்லீர முடியாது. நாமகிரிப்பேட்டைச் சுத்துல பத்து வயசுலயே களைக்கொத்து புடிச்ச கை இது. அந்தத் திமிருதான் எம்புள்ளையத் தின்னுச்சு. அதை நானே சொல்லிப்போடறேன், ஊரு சொல்லிக் கேக்க வேண்டாம்.

யுவ வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. கெணத்துல அடிமண்ணு தெரிஞ்சுது. எங்கூட்டுக்காரரு சென்னிமலை, "புள்ளே, போதமலை மேல, வெளைச்சல்ல பாதி குடுக்கற வாரத்துக்கு ஒரு காடு குடுக்கறாங்களாம். சாமை போட்டாக் கஞ்சிக்காவது ஆகும்"னாரு. மூணு வயசுப் பாப்பாயியத் தோள்ல போட்டுட்டு ஏறுனோம்.

ஆவணியில களை எடுக்கறப்ப வரப்போரமெல்லாம் மஞ்சப் பூ. எங்கூருக் கிலுகிலுப்பையேதான். காய் காஞ்சதும் ஆட்டுனா உள்ள வெதை கிலுகிலுன்னு சத்தம் போடும். கீழ இருந்தப்ப பாப்பாயி கையில நாளெல்லாம் அதுதான் இருக்கும். மலைக்கு வந்ததுல இருந்து நசநசன்னு அழுதுட்டே இருந்தவ, அந்தப் பூவப் பாத்ததும் "அம்மா, கிலுக்கி!"ன்னு கையத் தட்டுனா. எப்படிங்க புடுங்க மனசு வரும்? உட்டுட்டேன்.

பக்கத்துக் காட்டு உண்ணாமலை வந்தா. மலையிலயே பொறந்து வளந்தவ. "அம்முணி, இதப் புடுங்கிப் போடு. இது உங்கூருப் பூ இல்ல. எலைக்கு அடியில தடவிப் பாரு, பூன மசுராட்டம் செவந்த சொணை இருக்கும். உங்கூருது மொழுமொழுன்னு இருக்கும். இதோட வெதை சாமையில கலந்தா உசுருக்கு ஆகாது"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "ஏனக்கா, களைய நீ எனக்குச் சொல்லித் தாறியா? கிலுகிலுப்பை வெதை கொள்ளாட்டம் பெருசு. மொறத்துல ரண்டு தட்டு தட்டுனாத் தனியா ஓடீரும்"னேன். "உங்காடு, உம்பாடு"ன்னு அவ போயிட்டா. குனிஞ்சு ஒரு எலையத் திருப்பிப் பாக்க எனக்கு எத்தன நேரம் ஆயிருக்கும்?

ஐப்பசியில அறுத்தோம். கதிரோட சேந்து அந்தச் செடியும் வந்துச்சு, களத்துல காயும் நொறுங்குச்சு. பொடைச்சேன். கொள்ளாட்டம் ஒண்ணும் ஓடி வரல. அப்ப கலக்கவே இல்லைன்னு நெனச்சுட்டேன்.

கார்த்திகை கடைசியில பாப்பாயிக்கு வயிறு உப்புச்சு. கையும் காலும் குச்சியாப் போக, வயிறு மட்டும் பானையாட்டம். கீழ வைத்தியருகிட்டத் தூக்கிட்டுப் போனோம். சூரணம் குடுத்துட்டு, "நல்லா ஊட்டு ஆத்தா, ஒடம்புல சத்தே இல்ல"ன்னாரு. எனக்கு வேறென்ன தெரியும்? நாங்க ரண்டு பேரும் கெழங்கும் கீரையும் தின்னுட்டு, சாமைய அவளுக்குன்னு ஒதுக்கி வெச்சோம். அவ எளைக்க எளைக்க நான் கஞ்சியக் கெட்டியாக் காச்சுனேன். வேண்டாம்னு வாய மூடிக்குவா. மூக்கப் புடிச்சு ஊத்துனேன். ஐயோ, மூக்கப் புடிச்சு ஊத்துனேனே!

மார்கழியில உண்ணாமலை எட்டிப் பாத்தா. புள்ள வயித்தப் பாத்தவ நேரா உள்ள போயி, சாமைப் பானைக்குள்ள கைய உட்டு ஒரு புடி அள்ளுனா. உள்ளங்கையில பரப்பி வெரலால ஒவ்வொண்ணாத் தள்ளுனா. உருண்டையா இருந்தது சாமை. நடுவுல அதே பருமன்ல, ஒரு பக்கம் மட்டும் குழிஞ்சு, மினுமினுன்னு ஏழெட்டு வெதை கெடந்துச்சு. ஒரே பருமன்ல இருந்தா மொறம் எப்படிப் பிரிக்கும்? "நான் அப்பவே சொன்னனே"ன்னு அவ ஒரு வார்த்தை சொல்லல. புள்ளைய மடியில போட்டுட்டு அழுதா.

அன்னைக்கே பானையக் கவுத்தேன். சாமையில பூச்சி உழுந்துருச்சுன்னு எங்கூட்டுக்காரருகிட்டப் பொய் சொன்னேன். தை பொறக்கறதுக்குள்ள எம்பாப்பாயி போயிட்டா.

குழி வெட்டறப்ப அவரு தலையில தலையில அடிச்சுக்கிட்டாரு. "நான்தான் சாலா, நான்தான் மலைக்குக் கூட்டியாந்து எம்புள்ளையக் கொன்னுட்டேன்"னு கதறுனாரு. அப்பவும் பாவி நான் வாயத் தொறக்கல. அப்புறம் எந்திரிச்சு வரப்புக்குப் போயி, ஒரு கொத்துக் காஞ்ச காய ஒடிச்சாந்து அவ கையில வெக்கப் போனாரு. அது கிலுகிலுன்னுச்சு.

புடுங்கி எறிஞ்சேன். "அது வேண்டாங்க! அதுதாங்க கொன்னுச்சு. உண்ணாமலை சொன்னா, நான்தான் கேக்கல"ன்னு எல்லாத்தையும் கொட்டுனேன். அடிக்கட்டும்னு நின்னேன்.

அவரு அந்தக் கொத்த எடுத்தாரு. எலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "நம்மூருதாட்டமேதான இருக்குது புள்ளே. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே"ன்னாரு.

எனக்குத் தெரிஞ்சுது. பத்தடி தள்ளித்தான் நின்னேன், எலைக்கு அடியில இருந்த செவந்த சொணை அங்கிருந்தே தெரிஞ்சுது.